இரும்பு ஜன்னலைக் கழற்றும் முன்: அறிகுறி பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

சென்னையில் கடற்கரையை ஒட்டிய பழைய அடுக்குமாடி ஒன்றில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். 1970களின் கடைசியில் கட்டியது. வீட்டில் மொத்தம் ஒன்பது ஜன்னல். ஒன்பதும் இரும்புச் சட்டம். வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12 அன்று ஹாலின் கிழக்கு ஜன்னல் வழியாக வந்த தண்ணீரைப் பழைய வேட்டி, துண்டு எல்லாம் போட்டுத் துடைத்து மாளவில்லை. அடுத்த கோடையில் அதைப் பிடுங்கிவிட்டு அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் போட்டோம். ஐப்பசி வந்தது. அதே இடத்தில் அதே ஈரம். கடைசியில் பார்த்தால், மேலே சன்ஷேடு சுவரோடு சேரும் மூலையில் ஒரு மயிரிழை விரிசல். பழைய ஜன்னல் செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கியிருந்தது.

அதன்பின் மீதி எட்டையும் ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் முடிவெடுத்தேன். நான்கை மாற்றினேன், மூன்றைப் பழுது பார்த்தேன், ஒன்றை இன்றுவரை தொடவில்லை. அந்தச் சோதனைகள்தான் கீழே இருப்பவை.

முதலில் அமைப்பு. சுவரில் பதிந்திருப்பது நிலை. திறந்து மூடுவது கதவு. இரண்டும் இசட் வடிவச் சட்டத்தால் ஆனவை. நிலையிலிருந்து நீளும் இரும்புப் பட்டைகளைச் சுவருக்குள் கான்கிரீட் வைத்துப் புதைத்திருப்பார்கள். கொத்தனார்கள் ஹோல்டுபாஸ்ட் என்பது இதைத்தான். கண்ணாடியைச் சிறு கிளிப்புகள் பிடித்திருக்கும், அவற்றை மூடி மக்கு (புட்டி) அப்பியிருக்கும். சோதனைக்குத் தட்டை ஸ்க்ரூ டிரைவர், ரசமட்டம், நூல், டார்ச், சாக்பீஸ், தண்ணீர்க் குழாய் போதும். கூட ஓர் ஆள் வேண்டும்.

சுரண்டத் தொடங்கும் முன் ஒரு விஷயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சுகளில், அதிலும் அடியில் இருக்கும் பழைய செந்நிறப் பிரைமரில், ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாதீர்கள், நெருப்புக் காட்டி உரிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டுங்கள். கீழே விரிப்புப் போட்டு, தூளை அப்படியே சுருட்டி எடுத்துவிடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து துடைக்கும் வரை அந்த அறைக்குள் வர வேண்டாம்.

கதவு மூட மறுக்கிறது, உராய்கிறது

பாதிக்கு மேல் இது பெயிண்ட் கோளாறு. ஒரு பூச்சு காய்ந்தபின் சுமார் 30 மைக்ரான் (0.03 மி.மீ.) கனம் இருக்கும். நாற்பது வருடத்தில் இருபது பூச்சு ஏறியிருந்தால் 0.6 மி.மீ.; கதவில் ஒரு பக்கம், நிலையில் ஒரு பக்கம் சேர்த்தால் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். இந்த ஜன்னல்களில் கதவுக்கும் நிலைக்கும் விட்டிருக்கும் இடைவெளியே அவ்வளவுதான்.

கதவு ஓரம் முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து மூடித் திறங்கள். நிலையில் எங்கே வெள்ளை ஒட்டுகிறதோ அங்கேதான் இடிக்கிறது. அங்கே பெயிண்ட் தடித்திருந்தால் இரும்பு தெரியும்வரை சுரண்டி, பிரைமர் ஒன்று, எனாமல் ஒன்று மெல்லியதாக அடித்தால் கதை முடிந்தது.

கைப்பிடிப் பக்கக் கீழ் மூலையில் மட்டும் இடித்தால் கீல்தான் காரணம். கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்தை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் கொடுத்தால் கீல் ஊசி தேய்ந்துவிட்டது. வெல்டிங் பட்டறையில் புது ஊசி போட்டுத் தருவார்கள்.

பெயிண்டும் இல்லை, கீலும் ஆடவில்லை என்றால் நிலையின் ஓரத்தில் நூலை இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி தெரிந்தால் நிலையே வளைந்திருக்கிறது. அப்படியானால் கீழே மேல்சட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கும் பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள். எதுவானாலும் கிரைண்டர் வைத்துக் கதவோரத்தைத் தேய்க்க வருகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். இரும்பு குறைந்தால் திரும்ப வராது. அந்த இடுக்கு வழியாகத்தான் அடுத்த மழை வரும்.

மழையில் தண்ணீர் உள்ளே வருகிறது

சென்னையில் இந்தப் புகார் பெரும்பாலும் வடக்கும் கிழக்கும் பார்த்த ஜன்னல்களுக்கு. வடகிழக்குப் பருவமழை காற்றோடு சாய்ந்து அடிக்கும்போது சன்ஷேடு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். மேற்கு ஜன்னல் மட்டும் ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால், மேல்வீட்டுக் குளியலறைக் குழாயை முதலில் பார்க்கச் சொல்வேன்.

எப்போது ஈரம் தெரிகிறது என்று குறித்துவையுங்கள். மழை தொடங்கிய சில நிமிடத்தில் சொட்டினால் கதவு இடுக்கு, அல்லது கண்ணாடி மக்கு. அரைமணி, ஒரு மணி கழித்து ஓரத்தில் கசிந்தால் நிலையும் சுவரும் சேரும் இடம். மழை விட்ட மறுநாள் ஜன்னலுக்குக் கீழே சுவரில் உப்புப் பூத்தால் தண்ணீரைக் குடித்திருப்பது சுவர். இது உறுதியான தீர்ப்பு இல்லை, எங்கே தேடத் தொடங்கலாம் என்பதற்கான துப்பு மட்டும்.

அப்புறம் குழாய்ச் சோதனை. வெயில் நாளில் செய்யுங்கள். உள்ளே ஓர் ஆள் டார்ச்சோடு நிற்க வேண்டும், நீங்கள் வெளியிலிருந்து தண்ணீர் விட வேண்டும். இரண்டு விதிகள்: கீழிருந்து மேலே போக வேண்டும், ஓர் இடத்துக்கு ஐந்து நிமிடமாவது கொடுக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் வழியும் தண்ணீர் எல்லா ஓட்டையையும் நனைத்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாமல் போகும். முதலில் ஜன்னலின் கீழ்த்திண்டு, பிறகு கீழ் மூலைகள், கண்ணாடி ஓரம், கதவு இடுக்கு, நிலையின் பக்கவாட்டு, நிலையின் மேல்பக்கம், கடைசியாகச் சன்ஷேடும் அதற்கு மேல் சுவரும். தண்ணீர் மெதுவாக வழிய வேண்டும். வண்டி கழுவுகிற பீச்சுக்குழாய் வைத்து அடித்தால் நல்ல ஜன்னலும் ஒழுகும். மாடியில் இருப்பவர்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு செய்ய வேண்டாம். மேல்வீட்டு அம்மாவிடம் கேட்டு அவர்கள் பால்கனியிலிருந்து குழாயை இறக்கித்தான் நான் செய்தேன்.

கீழ்த்திண்டில் விட்டதுமே கசிந்தால் வாட்டத்தைப் பாருங்கள். ரசமட்டம் வைத்தால் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் பூச்சைத் தட்டித் தட்டித் திண்டு உயர்ந்து, நிலையின் அடிச்சட்டமே பாதி புதைந்து கிடக்கும். எங்கள் வீட்டில் மூன்று ஜன்னல் அப்படித்தான் இருந்தன. மேல் பூச்சைக் கொத்தி எடுத்து, சட்டத்தின் அடி தெரியும்படி வெளிவாட்டமாகப் புதுக் கலவை போட்டதும் ஒழுகல் நின்றது. அந்த மூன்றும் இன்னும் பழைய இரும்புதான்.

கண்ணாடி ஓரம் என்றால் மக்கைச் சுரண்டுங்கள். சாக்பவுடரும் லின்சீட் எண்ணெயும் கலந்த சாதாரண மக்கு மரத்துக்கு ஏற்றது. மரம் எண்ணெயை உறிஞ்சும், மக்கு இறுகும். இரும்பு உறிஞ்சாது. மேல்தோல் மட்டும் காய்ந்து, பிறகு வெடித்து, பின்னால் தண்ணீர் தங்கும். பழையதை முழுக்க எடுத்து, சட்டத்தைத் துடைத்து, பிரைமர் அடித்துவிட்டுச் சிலிகான் போடுங்கள். கடையில் நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்க வேண்டும். பிதுக்கும்போது வினிகர் வாடை அடிக்கும் வகை இரும்பை அரிக்கும்.

சன்ஷேடு வரை போய்த்தான் கசிந்தது என்றால் ஜன்னலை விட்டுவிடுங்கள். சன்ஷேட்டின் மேல்பரப்பில் குப்பை அடைத்துத் தண்ணீர் நிற்கிறதா, சுவரோடு சேரும் மூலையில் விரிசலா, முன்விளிம்பின் அடியில் தண்ணீர் சொட்டிவிழக் காடி வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காடி இல்லையென்றால் தண்ணீர் அடிப்பரப்போடு ஒட்டிக்கொண்டே பின்னால் ஊர்ந்து நிலையின் தலைக்கு வந்து சேரும். நான் அலுமினியத்துக்குக் கொடுத்த பணத்தில் இந்த மொத்தத் தெருவின் சன்ஷேடுகளையும் சரிசெய்திருக்கலாம்.

ஜன்னல் வியர்க்கிறது

ஏசி ஓடும் அறையில் காலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அது ஒழுகல் இல்லை. குளிர்ந்த கண்ணாடியிலும் இரும்பிலும் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது. ஆனால் அது வழிந்து அடிச்சட்டத்தில் தேங்கும், துருப்பிடிக்கும். தினமும் துடைப்பது ஒன்றுதான் வழி.

யாரும் தொடாமலே கண்ணாடி விரிகிறது

கல் பட்ட விரிசல் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகப் பரவும். சட்ட ஓரத்தில் தொடங்கி உள்ளே ஓடும் ஒற்றைக்கோடு என்றால் சட்டம் கண்ணாடியை நெருக்குகிறது. இரும்பு துருவானால் பழைய அளவைப்போலப் பல மடங்கு இடம் கேட்கும். கண்ணாடி உட்காரும் பள்ளத்தில் துரு ஊறிக்கொண்டே வந்தால் கண்ணாடிக்குப் போக இடமில்லை. புதுக் கண்ணாடி போட்டும் ஒரு வருடத்துக்குள் அதே மூலையில் விரிந்தால் கண்ணாடிக்காரரைத் திட்டாதீர்கள். பள்ளத்தைச் சுரண்டித் துருவை எடுங்கள். புதுக் கண்ணாடியை எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். டஃபன் கண்ணாடி (சூடேற்றி உறுதியாக்கியது) என்றால் பட்டறையில் சூடேற்றும் முன்பே சரியான அளவில் வெட்டியாக வேண்டும். வீட்டுக்கு வந்தபின் ஓரம் தட்ட முடியாது.

அடிச்சட்டம் உப்பிச் செதில் செதிலாக உரிகிறது

மாற்றுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகும். மழைநீர், உப்புக்காற்று, வீடு கழுவும் சோப்புத்தண்ணீர் எல்லாம் வந்து நிற்பது அடிச்சட்டத்தின் மடிப்பில். ஜன்னல் ஏசி வைத்திருந்தால் அதன் சொட்டுநீரும் சேரும்.

ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அழுத்திக் குத்துங்கள். தூள் உதிர்ந்து, உள்ளே கெட்டியான இரும்பில் ‘டிக்’ என்று முட்டினால் மேல்துரு. செதில் பெயர்ந்து முனை உள்ளே இறங்கினால் சட்டம் போய்விட்டது. இரண்டு கீழ் மூலைகளையும், பக்கச் சட்டங்களின் கீழ் ஒரு சாணையும் கட்டாயம் குத்திப் பாருங்கள். பிறகு பக்கச் சட்டத்தின் நடுவில் கை வைத்து உள்ளும் வெளியும் தள்ளுங்கள். பூச்சு ஓரத்தில் கோடு திறந்து மூடினால் சுவருக்குள் ஹோல்டுபாஸ்ட் அறுந்துவிட்டது.

மேல்துரு மட்டும் என்றால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். வயர் பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அன்றே பிரைமர் அடியுங்கள். கடற்கரை வீடுகளில் இந்தக் கழுவலை யாரும் செய்வதில்லை. உப்பு உள்ளே மாட்டிக்கொண்டால் எந்தப் பெயிண்டும் இரண்டு மழைக்குள் கொப்பளிக்கும். வெறும் ரெட் ஆக்சைடு அடித்தால் துரு நின்றுவிடும் என்பதும் நம் ஊர் நம்பிக்கைதான். அந்தச் சிவப்பு நிறமே ஒரு வகை இரும்பு ஆக்சைடு, அது துருவோடு சண்டை போடாது. ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் கேளுங்கள்.

ஒரு கீழ் மூலையில் ஒரு சாண் மட்டும் ஓட்டை என்றால் அதை அறுத்துவிட்டு அதே வடிவச் சட்டத்துண்டை வெல்டு வைக்கலாம். பழைய கட்டடம் இடிக்கும் இடங்களில் அந்தச் சட்டம் கிடைக்கும். இரண்டு கீழ் மூலையும் போய், ஹோல்டுபாஸ்டும் அறுந்திருந்தால் ஒட்டுப்போடுவது வீண்செலவு. என் நான்கு ஜன்னலும் அந்த நிலையில்தான் இருந்தன.

மேல்சட்டம் வளைந்திருக்கிறது, ஜன்னலுக்கு மேல் சுவரில் விரிசல்

இந்த அறிகுறி இருந்தால் யாரையும் கிரைண்டரோடு வீட்டுக்குள் விடாதீர்கள்.

மேல்சட்டத்தின் அடியில் நூல் பிடியுங்கள். நடுப்பகுதி கீழே தொங்கினால் மேலே லிண்டல், அதாவது திறப்புக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம், அமுக்குகிறது என்று அர்த்தம். லிண்டலுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பிளந்து, அதன் பாரத்தின் ஒரு பங்கை இந்த ஜன்னல் நிலை தாங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு அது செய்யப்படவில்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல் தாங்குகிறது. அகலமான ஜன்னலிலும், கட்டடத்தின் மூலையில் இரண்டு பக்கமும் திரும்பும் ஜன்னலிலும் இது அதிகம். நிலையை அறுத்ததும் மேலே இருப்பது இறங்கும்.

லிண்டலின் அடிப்பூச்சைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பானை மாதிரி வெற்றொலி வந்தாலோ, நீளவாக்கில் செம்பழுப்புக் கறையோடு விரிசல் ஓடினாலோ கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். முட்டுக் கொடுத்து, லிண்டலைச் சரிசெய்த பிறகுதான் ஜன்னல். கொத்தனார் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்’ என்ற பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள்.

கழற்றுவது என்று முடிவானால்

தை முதல் வைகாசி வரை நல்ல காலம். குடியிருப்போர் சங்கத்தில் முதலில் சொல்லிவிடுங்கள். வெளித்தோற்றம் மாறுகிறது, கீழே நடப்பவர் தலையில் எதுவும் விழாமல் கயிறு கட்டி வழியை அடைக்க வேண்டும்.

எதைப் போடுவது என்பதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய இரும்பு ஜன்னல் முழுதாகத் திறக்கும். ஸ்லைடிங் பாதிதான் திறக்கும். கடற்காற்று வரும் வீட்டில் அந்தப் பாதி பெரிய இழப்பு. யூபிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் சட்டம் துருப்பிடிக்காது. ஆனால் தடிமன் அதிகம். ஒல்லி இரும்பு இருந்த இடத்தில் நிலையும் கதவும் சேர்ந்து நாலு விரல் அகலத்துக்கு மேல் மறைக்கும்போது சின்ன ஜன்னல் பொந்தாகிவிடும். எங்கள் படுக்கையறைகளுக்கு வெளிப்பக்கமாகத் திறக்கும் யூபிவிசி ஜன்னல், சமையலறைக்கு அலுமினியம் என்று போட்டோம். பழைய கிராதியை நிலையோடே வெல்டு வைத்திருப்பார்கள். நிலை போனால் கிராதியும் போகும். புதுக் கிராதியைத் தனியாகச் சுவரில் பதிக்க இப்போதே திட்டமிடுங்கள்.

அளவு எடுக்கும்போது ஏமாறாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் சட்டத்தை மட்டும் அளந்தால், பூச்சுக்குள் ஓர் அங்குலம் புதைந்திருப்பது கணக்கில் வராது. ஒரு மூலையில் பூச்சைக் கொத்தி உண்மையான சுவர் ஓரத்தைக் கண்டுபிடியுங்கள். அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில், மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு. இருப்பதில் சிறிய அளவிலிருந்து சுற்றிலும் 5 மி.மீ. இடைவெளி விட்டு ஆர்டர் கொடுங்கள். குறுக்களவுகள் இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் திறப்பே கோணல். புது ஜன்னல் நேராகத்தான் வரும், மீதியைக் கலவைதான் நிரப்ப வேண்டும்.

கழற்றும் வரிசை: கண்ணாடி, கதவு, கிராதி. பிறகு நிலையைச் சுற்றிப் பூச்சில் கட்டிங் சக்கரத்தால் கோடு போட்டால் சுவர் பெயராது. நான்கு சட்டத்தையும் நடுவில் அறுத்து உள்பக்கமாக வளையுங்கள். ஹோல்டுபாஸ்டைச் சுவரோரத்தில் அறுத்து விடுங்கள். சுத்தியலால் அடித்துப் பிடுங்கினால் பாதிச் செங்கல் கையோடு வரும்.

பழைய நிலையை விட்டுவிட்டு அதற்குள்ளேயே அலுமினியத்தைச் சொருகித் தருகிறேன் என்பார்கள், வேலை ஒரே நாளில் முடியும் என்று. நிலை நல்லதாக இருந்தால் கதவையும் கண்ணாடியையும் மட்டும் சரிசெய்துகொள்ளலாமே? நிலை கெட்டிருந்தால் உள்ளே துரு ஊறிக்கொண்டே இருக்கும். அதோடு உப்பு ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரிக்கும்.

புது ஜன்னலும் ஒழுகுகிறது

வர்தாவில் பட்ட பாட்டுக்குப் பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மணிக்குச் சுமார் 47 கி.மீ. வேகத்தில் நேராக மோதும் காற்றின் அழுத்தம் 10 மி.மீ. உயரத் தண்ணீருக்குச் சமம். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்கு. ஸ்லைடிங் ஜன்னலின் தடத்தில் தேங்கும் தண்ணீரைக் காற்று அவ்வளவு உயரத்துக்கு உள்ளே தள்ளும். தடத்தின் உள்பக்க விளிம்பு ஒரு விரல்கடை உயரம்கூட இல்லாத மாடலைக் கிழக்குப் பக்கம் போட்டால் புயலில் வழியத்தான் செய்யும்.

வழக்கமான காரணம் இதைவிட அற்பமானது. தடத்தின் வெளிப்பக்கம் தண்ணீர் வடியச் சிறு ஓட்டைகள் இருக்கும். கொத்தனார் கலவையால் பூசிவிடுவார், அல்லது சிலிகான் போடுகிறவர் அழகுக்காக அடைத்துவிடுவார். தடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடியில் வெளியே வடிய வேண்டும். வடிந்தும் கீழே சுவர் ஈரமானால் அடித்தடத்தின் வழியாக ஸ்க்ரூ இறக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு குழாய். ஸ்க்ரூக்கள் பக்கவாட்டில், மூலையிலிருந்து 15 செ.மீ., பிறகு 60 செ.மீ.க்கு மிகாமல் ஒன்று என்று இருந்தால் போதும். கடல் பக்கம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவே மஞ்சள் நுரை மட்டும் தெரிந்தாலும் ஒழுகும். நுரை இடத்தை நிரப்பும், தண்ணீரைத் தடுக்காது, வெயிலில் பொடியாகும். அதை உள்ளே வெட்டிவிட்டு வெளியோரத்தில் நியூட்ரல் சீலண்ட் ஓட்டச் சொல்லுங்கள்.

அந்த முதல் அலுமினிய ஜன்னல் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது. சன்ஷேடு விரிசலை அடைத்த பிறகு சொட்டு இல்லை. புரட்டாசி முடிவதற்குள் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து அதன் வடிகால் ஓட்டைகளைக் குத்திவிடுவேன். போன தடவை ஒன்றிலிருந்து எறும்புக்கூடு வந்தது.